தகர டப்பாவின் தலைவிதி

பொம்மையார்பாளையத்தில் என் ஆயாவின் அடுக்களைச் சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே பதித்திருந்த பூவரசம் பலகையின் மீது வரிசையாக நின்ற தகர டப்பாக்களுள் ஒன்றிலேனும், அதன் வெளிப்புறத்தில் அச்சிட்டிருந்த பதார்த்தம் உள்ளே இருந்து நான் கண்டதில்லை. மஞ்சள் வர்ணத்தின் நடுவே பனையோ தென்னையோ என்று இன்றளவும் என்னால் நிச்சயிக்க முடியாத ஒரு மரத்தைத் தாங்கி நின்ற டால்டா டப்பாவில் துவரம் பருப்பும், கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்த பால்மாவு டப்பாவில் மிளகாய்த்தூளும், சீமை ராணியொருத்தி குதிரைமேல் வீற்றிருந்த பிஸ்கட் டப்பாவில் நிலத்துப் பத்திரங்களும் எங்கள் மூவருடைய ஜாதகங்களும் இருந்தன. ஆகவே, கடையிலிருந்து புதிதாக ஒரு டப்பா வீட்டுக்குள் வந்தால், அதனுள் இருப்பதைத் தின்ன வேண்டுமே என்ற ஆவல் பிள்ளைகளாகிய எங்களுக்கு இருந்தது போலவே, அது எப்போது காலியாகும் என்ற ஆவல் ஆயாவுக்கு இருந்தது. ஒரு டப்பாவை எவ்விதம் திறப்பது என்னும் பிரச்சினையை உலகத்தில் பிறர் எப்படி எப்படியோ தீர்த்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில், திறந்த பிறகு அந்த டப்பா என்ன உத்தியோகம் பார்க்கப்போகிறது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் அதன் தலையில் கை வைப்பார்கள்.

ஊரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இப்போது விழுப்புரம் மாவட்டம் என்கிறார்கள். அந்தப் பெயர் 1993இல் வந்தது. அதற்கு முன் நாங்கள் தென்னாற்காடு ஜில்லா. தெற்கே நாலைந்து மைல் நடந்தால் புதுச்சேரி, வடக்கே சிறிது தூரத்தில் காலாப்பட்டு, இரண்டும் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த பூமி; நடுவில் கடற்கரையோரமாக ஒரு துண்டு வெள்ளைக்கார இங்கிலீஷ் ராஜ்யம், அதில் கோட்டக்குப்பமும், இரண்டு முதலியார்சாவடிகளும், எங்கள் ஊரும். மயிலம் முருகன் கோயிலைப் பரிபாலிக்கும் பொம்மபுர ஆதீனத்தின் மடம் எங்கள் ஊரில் இருப்பதால் வெளியூர்க்காரர் எங்களை அறிவார்கள். மற்றபடி மேற்கே சவுக்கும் கடலையும், கிழக்கே கட்டுமரமும் வலையும், இவ்வளவுதான் எங்கள் ஜீவனம். உணவைக் கெடாமல் நெடுநாள் வைத்திருக்கும் சாஸ்திரம் எங்கள் கரைக்குப் புதியதன்று. மரக்காணத்து உப்பளத்து உப்பும் சித்திரை வெயிலும் சேர்ந்து கவலையையும் நெத்திலியையும் கருவாடாக்கிக் கொடுத்துவிடும். அதை ஓலைப்பாயில் பரப்புவதற்கும் அள்ளுவதற்கும் கை போதும், திறப்பதற்கு ஒரு உபகரணமும் வேண்டியதில்லை, மூக்குக்குத்தான் அது முதலில் அறிவித்துவிடுமே!

இப்படிப்பட்ட ஊருக்குள் முதன்முதலாகத் தகரம் பெருவாரியாக நுழைந்தது உணவைச் சுமந்துகொண்டு அன்று, மண்ணெண்ணெயைச் சுமந்துகொண்டுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்காவிலிருந்தும், ருஷ்யாவிலிருந்தும், பிறகு பர்மாவிலிருந்தும் வந்த மண்ணெண்ணெய், நான்கு காலன் கொண்ட சதுரத் தகர டின்களில், இரண்டிரண்டாக மரப்பெட்டியில் அடைபட்டுக் கப்பலில் வந்து இறங்கியது. ஆமணக்கெண்ணெய் அகல்களை அணைத்துவிட்டுச் சிம்னி விளக்கைக் கொளுத்திய பெருமை அந்த எண்ணெய்க்கு உரியதென்று சரித்திரக்காரர் எழுதுகிறார்கள், எழுதட்டும். ஆனால் எண்ணெய் எரிந்து தீர்ந்த பிறகு அந்த டின் செய்த காரியங்களை ஒருவரும் எழுதக் காணோம். மேல்தகட்டை உளியால் சீராக வெட்டி எடுத்து, வெட்டிய விளிம்பை உள்பக்கமாக மடக்கி அம்மிக் குழவியால் தட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் ஆணி அடித்து நடுவில் ஒரு மரக்கட்டையைக் குறுக்கே பொருத்திவிட்டால், அதுவே தண்ணீர் டின். அவ்வாறான இரண்டைக் காவடித் தடியில் தொங்கவிட்டு ஒருவன் தோளில் ஏற்றினால், மண்குடம் சுமந்து வரும் இரண்டு பெண்களின் வேலை ஒரே நடையில் முடிந்தது. கால் தடுக்கி விழுந்தாலும் டின் நசுங்குமேயன்றி உடையாது. அறுத்து விரித்தால் கூரைக்குத் தகடு, சுருட்டினால் புகைபோக்கி, துண்டு போட்டுத் திரி நுழைத்தால் அதே மண்ணெண்ணெயை எரிக்கும் விளக்கு.

அந்தத் தகரத்தின் பூர்வோத்தரமும் கேட்கத் தக்கதே. மெல்லிய இரும்புத் தகட்டின் இரு முகங்களிலும் வெள்ளீயத்தைப் பூசி எடுப்பது இங்கிலாந்துக்கு மேற்கேயுள்ள வேல்ஸ் தேசத்தின் பிரசித்தமான தொழிலாக இருந்தது. அங்கிருந்து தகடு வருவித்து மாளாமல், 1920இல் பர்மா ஆயில் கம்பெனியும் டாட்டாக்களும் கூட்டாக ஜம்ஷெட்பூரை அடுத்த கோல்முரியில் தகரத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றை ஸ்தாபித்தார்கள். மண்ணெண்ணெய்க் கம்பெனி தகரத் தொழிலில் இறங்கிய காரணம் வெளிப்படை. 1929இல் அங்கே தொழிலாளர் நெடுங்காலம் வேலைநிறுத்தம் செய்ததும், சுபாஷ் சந்திர போஸ் அவர்கள் பக்கம் நின்றதும் தேச சரித்திரத்தில் ஏறிவிட்ட சங்கதிகள். எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்பில் இருந்த டின்னுக்கு அவ்வளவு பின்கதை உண்டென்பது பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இங்கே ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்து செல்ல எனக்கு மனமில்லை. இரும்பின்மேல் ஈயம் பூசியது மேல்நாட்டாரின் சாமர்த்தியமென்றால், பித்தளையின்மேல் ஈயம் பூசியது நம்மவருடையது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே, புளிப்பு. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் உலோகம் கரைந்து பச்சையாய்க் களிம்பேறி வயிற்றைக் கெடுக்கும். வெள்ளீயம் சாதாரணப் புளிப்புக்கு எளிதில் இணங்காது. வருஷத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ, தோளில் துருத்தியும் கையில் கரிமூட்டையுமாக ஈயம் பூசுகிறவர் எங்கள் தெருமுனையில் வந்து உட்காருவார். குழி தோண்டி, துருத்தியின் மூக்கைப் புதைத்து, கரியை மூட்டி, அண்டாவைக் கவிழ்த்துக் காய்ச்சி, கையளவு நவச்சாரத்தை உள்ளே தூவினாரானால் வெண்புகை சுருண்டெழுந்து கண்ணைக் கரிக்கும். அந்தப் புகைக்குள்ளேயே ஈயக்குச்சியை ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சுச் சுருளால் சுற்றித் துடைப்பார். துடைத்த இடமெல்லாம் கறுத்த பித்தளை மறைந்து, நிலவு விழுந்த குளம் போல ஒரு வெளுப்பு ஓடி வந்து நிற்கும். ஆயா ஒவ்வொரு பாத்திரத்தையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, விட்டுப்போன இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் கூலி கொடுப்பாள். அந்த ஆயாவுக்கு, தகர டப்பாவின் உட்புறம் மின்னுவது ஏன் என்று எந்த விஞ்ஞானியும் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. ஈயம் கீறினால் கீழே உள்ள இரும்பு துருவேறும், அதுவும் எங்கள் உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் ஏறிவிடும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் உப்பும் புளியும் கடைசிவரை ஜாடியிலேயே இருந்தன. டப்பாக்களுக்குள் அவற்றுக்கு அனுமதி கிடைக்கவேயில்லை.

இனிச் சீமைக்குப் போவோம். பிரெஞ்சுக்காரராகிய நிக்கொலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வெந்நீரில் காய்ச்சினால் கெடாது என்று கண்டு, 1810இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அதே வருஷம் லண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர் தகரப் பாத்திரத்துக்கும் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். 1813 வாக்கில் டான்கின் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் தொழிற்சாலை வைத்து, கப்பற்படைக்கு மாமிச டப்பாக்கள் அனுப்பத் தலைப்பட்டார்கள். அந்நாள் டப்பாக்கள் சில வேளைகளில் உள்ளிருக்கும் மாமிசத்தைவிடக் கனத்தவை. மேல்விளிம்பை ஒட்டி உளியும் சுத்தியலும் கொண்டு சுற்றிலும் வெட்டுக என்பதே அவற்றின்மேல் எழுதியிருந்த உபதேசம். 1824இல் பாரி என்னும் மாலுமியோடு வடதுருவப் பிரயாணம் போய்த் திரும்பிய இவ்விதமான ஒரு டப்பா, நூறு வருஷத்துக்கும் மேலாகத் திறக்கப்படாமலே இருந்து, ஆராய்ச்சிக்காரர் கையில் திறக்கப்பட்டபோது உள்ளிருந்த கன்றிறைச்சி பெரிதும் கெடாமல் இருந்ததாம். உளியும் சுத்தியலும் அகப்படாத மாலுமி எவனோ அதைச் சபித்துவிட்டுத் திருப்பி வைத்திருப்பான் என்பது என் சொந்த அனுமானம்.

பூட்டைச் செய்தவர்கள் சாவியைச் செய்யச் சுமார் நாற்பத்தைந்து வருஷம் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் வேடிக்கை. இரும்புத் தகடு மெலியும் வரை சாவிக்கு வழியில்லை. 1855இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஏட்ஸ் என்பவர் நகம் போன்ற நுனியுள்ள நெம்புகோல் ஒன்றைச் செய்தார். 1858இல் அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் என்பவர் குத்தி அறுக்கும் கத்தி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அது பார்வைக்குத் துப்பாக்கிச் சனியன் போல இருந்ததால், வீட்டில் வைத்துக்கொள்ள அஞ்சிய பெண்மணிகளுக்கு மளிகைக் கடைக்காரரே டப்பாவைத் திறந்து கொடுத்தனுப்பினார் என்பார்கள். (எங்கள் பக்கத்து மளிகைக் கடையில் பதினைந்து கிலோ எண்ணெய் டின்னைக் கடைக்காரரே டின் கட்டரால் மூலையில் கீறித் திறந்து, அளந்து ஊற்றி விற்கும் வழக்கத்துக்கு இதுவே மூதாதை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் இரண்டிலும் நியாயம் ஒன்றுதான்.) 1870இல் வில்லியம் லைமன் என்பவர் சக்கரக் கத்தியைக் கொண்டு வந்தார். 1925இல் அதன் கீழே பற்களுள்ள இன்னொரு சக்கரம் சேர்ந்து டப்பாவின் விளிம்பைக் கவ்விப் பிடித்துச் சுழற்றத் தொடங்கியது. இந்த நூற்றாண்டிலும் நம் கையில் உள்ள திருகுவகைத் திறப்பான் அடிப்படையில் அதுவேதான்.

மறுபடியும் எங்கள் ஜில்லாவுக்குத் திரும்புகிறேன். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்து மானாவாரி நிலத்தில் விளைந்த மணிலாக்கொட்டை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து புதுச்சேரித் துறைமுகம் வழியே கப்பலேறிப் பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரத்துச் செக்கு ஆலைகளுக்குப் போயிற்று. எங்கள் கடலை எண்ணெயாகவும் சவுக்காரமாகவும் மாறியது அங்கேதான். இருபதாம் நூற்றாண்டில் கடலையெண்ணெய்க்கு இன்னோர் அவதாரம் வாய்த்தது: அதில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி நெய்போல் உறையச் செய்தார்கள், அதுவே வனஸ்பதி. 1937இல் லீவர் கம்பெனியார் டால்டா என்ற நாமத்தோடு அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். நெய்யென்று எண்ணி ஏமாந்து விடுவார்களோ என்று சனாதனிகளும், வயிற்றுக்கு ஆகுமோ என்று வைத்தியர்களும் வாதாடிக்கொண்டிருக்க, அந்த டப்பா மட்டும் யாதொரு வாதத்திலும் தோற்காமல் வீடு வீடாகப் புகுந்தது. எங்கள் கடலை எண்ணெயாகி, எண்ணெய் உறைந்து, தகரத்துக்குள் அடைபட்டு, மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு எங்களிடமே திரும்பி வந்ததை நினைத்தால், கல்யாணமாகி வெளியூர் போன பெண் பட்டுப்புடவையோடு பிறந்தகம் வந்தாற்போல எனக்குத் தோன்றும். வேலை ஓய்ந்த டால்டா டப்பாக்களில் பாதி துளசிச் செடிக்குத் தொட்டியாயின. அடியில் ஆணியால் மூன்று துளை இட்டுச் செம்மண் நிரப்பினால் போதும். தமிழ்நாட்டில் எத்தனை துளசிகள் அந்த மரத்தடியில் வளர்ந்திருக்கும்!

டால்டா, பால்மாவு முதலியன வந்த டப்பாக்களை ஆயா விரும்பியதற்கு முக்கியமான காரணம் அவற்றின் மூடியே. கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பினால் ‘டப்’பென்று மேலே எழும்பும் மூடி, மறுபடி அமுக்கினால் பழையபடி பொருந்திக்கொள்ளும், பால்மாவானால் அதன் கீழே மெல்லிய காகிதத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும், அதைக் கத்தியால் சுற்றி எடுத்துவிட்டால் டப்பா சிரஞ்சீவி. ஆனால் கெட்டிப்பால் டப்பா அப்படியன்று. 1912 முதல் இந்தியாவில் வர்த்தகம் செய்துவந்த நெஸ்லே கம்பெனியின் மில்க்மெய்டு, இருபுறமும் மூடியிட்டு மடித்து இறுக்கிய உருளை. அதற்கு வாசலே கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பாயசத்துக்கென்று ஒன்று வாங்கி வரும்போது, அதைத் திறக்கும் உத்தரவு எனக்குக் கிடைக்கும்.

“சுத்தியாலு மேல போடாதடா, ஆணிய நட்டமா நிறுத்து. விளிம்ப ஒட்டி வையி. டப்பாவ நாசம் பண்ணிப்புட்டா அப்புறம் வெந்தயத்த எதுல கொட்டறது?” என்று ஆயா பக்கத்தில் முட்டியிட்டு அமர்ந்துகொள்வாள். ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் பால் வராது. சொட்டு நின்று, நின்ற சொட்டு உள்ளேயே இழுத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை போட்டதும், அதன் வழியே காற்று உள்ளே புக, இதன் வழியே தடித்த வெண்ணிற நூலாகப் பால் இறங்கும். காற்றுக்கும் எடை உண்டு, அழுத்தம் உண்டு என்பதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமாக நான் படித்தது அதற்கு மூன்று வருஷங்களுக்குப் பின்தான். பால் முழுவதும் வடிந்த பின்பே, நிதானமாக மூடியைச் சுற்றிலும் பேனாக்கத்தியால் அறுப்போம். அறுத்த வாய் அரிவாள்மணை போலக் கூராக இருக்கும், அதை மடக்கித் தட்டுவது அப்பாவின் பொறுப்பு. என் இடது ஆள்காட்டி விரலில் இன்றும் உள்ள அரைப்பிறை வடு அந்தக் காலத்து ஞாபகார்த்தம்.

டப்பாவில் அடைத்த பண்டத்தை நம்மவர் பொதுவாக ஐயத்தோடேயே நோக்கினர். பண்டிகைப் பட்சணத்தையும் டப்பாவில் அடைக்கலாம் என்று காட்டியவர்கள் கல்கத்தாவைச் சேர்ந்த கே.சி. தாஸ் கடையினர்; 1930இல் ரசகுல்லாவைப் பாகோடு தகரத்தில் அடைத்தார்கள். ஆயினும் தமிழருள் டப்பா உணவோடு மனப்பூர்வமாக உறவு கொண்டாடியவர்கள் கடல் கடந்தவர்களே. யாழ்ப்பாணத்தார் அதை ‘ரின்’ என்று எழுதுவர். ரின் பாலில் தேநீரும், ரின் மீனில் கறியும் அங்கே சர்வசாதாரணம். புதுமீன் கிடைக்காத மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் அதுவே துணை. மலாயாவில் கோப்பிக்கடைக்காரர் காலியான கெட்டிப்பால் டப்பாவின் வாயில் கயிறு கோத்து, அதிலேயே சூடாகக் கோப்பி ஊற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போகக் கொடுப்பார். உலகத்து வெள்ளீயத்தில் பெரும்பங்கைத் தோண்டி அனுப்பிய தேசம் அது. அவ்வீயம் எங்கெங்கோ சுற்றிப் பால் டப்பாவாகி அதே மண்ணில் கோப்பிக் குவளையாக முடிந்தது விசேஷம்தான்.

கையால் திருகும் சிரமத்தையும் ஒழிக்க வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் எழுந்தது. 1931இலேயே மின்சாரத் திறப்பானுக்கு ஒரு காப்புரிமை எடுக்கப்பட்டது, வாங்குவார் இல்லை. யுத்தத்துக்குப் பின், கலிபோர்னியாவில் வால்டர் பாடில் என்பவர் தம் வீட்டுக் கார்க்கொட்டகையில் இருந்தபடி மறுபடி முயன்றார். அவருடைய மகள் எலிசபெத் அதன் வெளிவடிவத்தைச் செதுக்கினாள். 1956 இறுதியில், கிறிஸ்துமஸ் பரிசாக விற்க ஏற்ற சமயத்தில், அது கடைக்கு வந்தது. அதனுள் அதிசயம் ஒன்றுமில்லை: லைமன் சக்கரமும், 1925ஆம் வருஷத்துப் பற்சக்கரமும், அவற்றைச் சுழற்ற ஒரு சிறு மோட்டாரும், அறுபட்ட மூடி பாலுக்குள் விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு காந்தமும். மூன்றே வருஷத்தில், 1959இல், ஒகாயோ மாகாணத்து எர்மல் ஃப்ரேஸ் என்பவர் விரலை மாட்டி இழுத்தால் டப்பா தானே திறந்துகொள்ளும் உபாயத்தைக் கண்டுபிடித்தார். இன்று நம் கடைகளில் பாதி டப்பாக்கள் அந்த வம்சத்து வளையத்தோடுதான் வருகின்றன. பாவம், மின்சார யந்திரம்! அது பிறந்தவுடனேயே அதற்கு வேலை குறையத் தொடங்கிவிட்டது.

எங்கள் வீட்டுக்கும் அது ஒன்று வந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தங்கை மகன், “மாமா, உங்களுக்குக் கை நடுங்குதுன்னு அம்மா சொன்னாங்க, இனிமே பொத்தானை அமுக்கினா போதும்” என்று அன்போடு எடுத்து மேஜைமேல் வைத்தான். வெள்ளை நிறம், தலைமாட்டில் சிறு விசை, பின்புறம் கத்தி தீட்ட ஒரு பிளவு வேறு. அதன் கம்பி நுனி நம் சுவர்த் துளைகளில் நுழையாதாகையால், புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போய் அடாப்டர் வாங்கி வந்தோம். கடைக்காரர், “இது போட்டா எல்லாம் ஓடும் சார்” என்றார். எல்லாம் ஓடத்தான் ஓடிற்று. அடாப்டர் என்பது துளையின் உருவத்தை மாற்றுமேயன்றி மின்சாரத்தின் அழுத்தத்தை மாற்றாது என்பதையும், கனடாவில் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட் என்பதையும், நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வைத்தாலொழிய அந்த மோட்டாருக்கு ஆயுள் இல்லை என்பதையும் நாங்கள் மூவருமே அந்தத் தருணத்தில் மறந்திருந்தோம். சேமியாப் பாயசத்துக்கு வாங்கியிருந்த கெட்டிப்பால் டப்பாவை விளிம்பில் மாட்டி விசையை அழுத்தினேன். யந்திரம் கடப்பாரையில் அடிபட்ட நாய்போல் ஊளையிட்டது. டப்பா பாதி வட்டம் சுழன்றது. பிறகு, வறுத்த பட்டாணி கருகினாற்போல் ஒரு வாடை எழுந்து, எல்லாம் அடங்கிவிட்டது. பாதி அறுபட்ட மூடியைக் காந்தம் மட்டும் விசுவாசத்தோடு பற்றிக்கொண்டிருந்தது.

அதன்பின் இதைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டதில் சில, வாங்க எண்ணுவோருக்குப் பயன்படலாம். முதலாவது, பின்பக்கத் தகட்டில் எழுதியுள்ள வோல்ட்டைப் படிக்காமல் அடாப்டரைத் தேடக் கூடாது. மின்கலத்தில் ஓடும் சிறிய வகையானால் இந்த விபத்து இல்லை. ஆனால் கலம் சோர்ந்துவிட்டால் அது பாதி வழியில் டப்பாவைக் கவ்வியபடியே நின்றுவிடும். வெட்டும் பகுதி கழற்றிக் கழுவத் தக்கதா என்று பார்ப்பது மற்ற எல்லாவற்றினும் முக்கியம். கெட்டிப்பாலின் சர்க்கரை பற்சக்கரத்தில் உறைந்துபோனால் பற்கள் விளிம்பைக் கவ்வமாட்டா. மோட்டார் ஓடும், டப்பா சுழலாது, மோட்டார் கெட்டுவிட்டதென்று எண்ணி மெக்கானிக்கைத் தேடுவோம். வெந்நீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் போதும். காய்ந்த பிறகு சமையல் எண்ணெய் ஒரு சொட்டு, மெஷின் எண்ணெய் கூடாது. விளிம்பு நசுங்கிய டப்பாவானால், நசுங்கிய இடத்தில் சக்கரம் வழுக்கும். நசுங்காத இடத்தில் தொடங்கி, அவ்விடம் வரும்போது கையால் தாங்கிக் கொடுக்க வேண்டும். சதுர டப்பாவின் மூலைகளில் பெரும்பாலான யந்திரங்கள் திணறுகின்றன. மேல்தகட்டை உள்ளே வெட்டுவதும், விளிம்பு மடிப்பைப் பக்கவாட்டில் பிரித்தெடுப்பதும் என்று இருவகை உண்டு. இரண்டாவது வகை கூரில்லாத வாயை விட்டுச் செல்கிறது, எடுத்த மூடியை மேலே திரும்பவும் பொருத்தியும் வைக்கலாம். ஆயா இருந்திருந்தால் இந்த இரண்டாவது வகையைத்தான் கேட்டிருப்பாள்.

சக்கரங்கள் எல்லாம் டப்பாவைத் தூக்கி எறியப்போகிற வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. வேலை முடிந்ததும் குப்பைத்தொட்டிக்குப் போகிற பொருளின் கழுத்து எப்படி அறுபட்டால் என்ன? ஆணியை நட்டமாக நிறுத்தச் சொன்ன ஆயாவின் கவலை அங்கே யாருக்கும் இருந்திருக்க நியாயமில்லை. அன்று மாலை பழைய திருகுத் திறப்பானை எடுத்து, யந்திரம் விட்ட இடத்திலிருந்து தொடங்கி எஞ்சிய பாதி வட்டத்தை நானே முடித்தேன். கை நடுங்கியதாக நினைவில்லை. தங்கை மகன் அந்த டப்பாவைக் குப்பைக் கூடையில் போட்டான். என் மனைவி அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இருவரும் ஒருவர் செய்ததை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் பழைய சாமான்காரர் வந்தார். முன்காலத்தில் இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தந்தார்கள். எங்கள் சிறுபிராயத்தில் நல்ல டப்பாவையே கொடுத்துப் பழம் தின்றுவிட்டு அடி வாங்கிய பிள்ளைகள் உண்டு. இப்போது காசாகவே கொடுத்துவிடுகிறார்கள், ருசியில்லாமல். செத்துப்போன மின்சாரத் திறப்பானையும், பரணிலிருந்து துருவேறிய நாலைந்து டப்பாக்களையும் அவர்முன் வைத்தேன். டப்பாக்களை அவர் காலால் ஒதுக்கினார். “தகரம் எடை தேறாது ஐயா, நீங்களே வெச்சிக்குங்க” என்றார். யந்திரத்தை மட்டும் கையில் எடுத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, “உள்ள காப்பர் இருக்கும்” என்று சொல்லியபடி அதைத் திண்ணைக் கல்லில் படுக்கவைத்தார். திருகாணி எதையும் அவர் தேடவில்லை. சாக்குப்பையிலிருந்து ஓர் உளியும் சுத்தியலும் எடுத்து, மேல்விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் வெட்டி, இரண்டு நிமிஷத்தில் அதைத் திறந்துவிட்டார்.